மற்றவை என்ற கட்டத்தில் எங்கள் ஊர்

1

போன வாரம் ஒரு மின்னஞ்சல் வந்தது. டப்ளினில் நான் முதன்முதலில் வேலை பார்த்த கம்பெனிக்குப் பத்து வயது நிறைகிறதாம். ஆற்றங்கரை ஓட்டல் ஒன்றில் விருந்தாம். பழைய ஊழியர்களும் குடும்பத்தோடு வர வேண்டுமாம். அத்தோடு விட்டிருக்கலாம். கம்பெனி வளர்ந்த கதை என்று ஒரு பக்கத்தையும் இணைத்திருந்தார்கள். அதன் நடுவில் பெரிய எழுத்தில் இப்படி இருந்தது: "வாடிக்கையாளர்களுக்குப் புள்ளிவிவரங்களை அந்தந்த நொடியே ஏற்றுமதி செய்யும் வசதி எங்கள் பெருமை. உலகத்தின் எந்த மூலையில் கோளாறு வந்தாலும் மறைக்காமல் சொல்லும் நேர்மை எங்கள் அடையாளம்."

அடுப்பில் தோசை தீய்ந்துகொண்டிருந்தது. என் கணவர் பாஸ்கர் வந்து அடுப்பை அணைத்துவிட்டு, என் தோளுக்குப் பின்னால் நின்று திரையைப் படித்தார். "அழிச்சிட்டு வேலையப் பாரு சுமதி" என்றார்.

அழிக்கவில்லை. அதற்குப் பதிலாக இதை எழுத உட்கார்ந்துவிட்டேன். அந்த வசதியை எழுதியவள் நான். அதில் எதையும் மறைக்காமல் விட்டதற்காகத்தான் என்னை வெளியே அனுப்பினார்கள். அந்த நேர்மையை இப்போது சட்டையில் மெடல் மாதிரி குத்திக்கொண்டு நிற்கிறார்கள். விருந்தில் எனக்கும் ஒரு தட்டு உண்டாம்.

2

நான் ஆரணிப் பெண். அப்பாவுக்குப் பட்டுச் சேலை வியாபாரம். தொண்ணூறுகளில் வேலூரில் இன்ஜினியரிங் படித்து, சென்னையில் சில வருஷம் குப்பை கொட்டி, கல்யாணம் ஆகி, குழந்தை நடக்க ஆரம்பித்த பிறகு 2004-இல் டப்ளினுக்குப் போனேன்.

அந்தக் கம்பெனியின் தொழிலைச் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் மற்றது புரியும். ஓர் இணையதளம் டப்ளினில் ஒரு கணினியில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆரணியில் உட்கார்ந்து அதைத் திறந்தால் ஒவ்வொரு படமும் எழுத்தும் கடல் தாண்டி வந்து சேர நேரமாகும். அதனால் எங்கள் கம்பெனி உலகத்தின் பல நகரங்களில் கணினிகளை நிறுத்தி, அந்தத் தளத்தின் நகலை அவற்றில் போட்டு வைத்திருந்தது. டப்ளின்காரருக்கு டப்ளினிலிருந்து போகும், ஆரணிக்காரருக்குச் சிங்கப்பூரிலிருந்து போகும். யார் கேட்டார்கள், எதைக் கேட்டார்கள், கிடைத்ததா, எரர் ஆனதா என்று ஒவ்வொரு கணினியும் எண்ணிக்கொண்டே இருக்கும். அந்த எண்ணிக்கை வாடிக்கையாளருக்கு மறுநாள் காலையில் அறிக்கையாகப் போகும். வீடு பற்றி எரிந்ததை மறுநாள் சாவகாசமாகச் சொல்கிற அறிக்கை.

அதை மாற்றுவதுதான் எனக்குக் கொடுத்த வேலை. எல்லா நகரத்துக் கணினிகளிடமும் நொடிக்கு நொடி எண்ணிக்கையைக் கேட்டு வாங்கி, கூட்டி, வாடிக்கையாளர் தன் அலுவலகத்தில் வைத்திருக்கும் கண்காணிப்பு அமைப்புக்கு அதற்குப் புரியும் வடிவத்தில் அனுப்ப வேண்டும். நல்லபடி போனால் அவர்கள் சுவரில் பச்சைக் கோடு ஓடும். கெட்டுப்போனால் சிவப்பு.

அம்மாவிடம் போனில் "எக்ஸ்போர்ட் வேலைம்மா" என்று ஒருமுறை சொல்லிவிட்டேன். ஆரணியில் எக்ஸ்போர்ட் என்றால் சேலையைத் தவிர வேறு அர்த்தம் கிடையாது. "எம்பொண்ணு ஃபாரின்ல எக்ஸ்போர்ட் பாத்துகினு கீது" என்று அம்மா தெருவெல்லாம் சொல்ல, ஒரு வியாபாரி அப்பாவிடம் வந்து அந்த ஊரில் என்ன பார்டர் போகும் என்று விசாரித்திருக்கிறார். நான் பதறிப்போய், "சேலை இல்லம்மா, புள்ளிவிவரம்" என்றேன்.

"அத யாருடி காசு குடுத்து வாங்குறாங்க?"

அப்போது சிரித்தேன்.

பெயரில் இன்னொரு கூத்து. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயருக்கு இடம் விட்டிருந்ததால் அப்பா பெயர் சண்முகம் அங்கே போய் உட்கார்ந்துவிட்டது. அலுவலகத்தில் அதைச் சுருக்கி 'ஷான்' ஆக்கினார்கள். அந்த ஊரில் தெருவுக்கு நாலு ஆம்பளைக்கு அந்தப் பெயர். கூட்டத்துக்கு வரும் வெளியாட்கள் ஷான் எங்கே என்று என்னிடமே கேட்பார்கள். நான்தான் என்றால் ஒரு கணம் முழித்துவிட்டுக் கை கொடுப்பார்கள். திருத்தித் திருத்தி அலுத்துப்போய் விட்டுவிட்டேன்.

என் மேலாளர் டெக்லன். நல்ல உயரம், எப்போதும் சிரித்த முகம், யாரையும் குரல் உயர்த்திப் பேசி நான் பார்த்ததில்லை. நான் வந்த புதிதில் கம்பெனியின் திரையில் ஐந்து கட்டங்கள் இருந்தன. அயர்லாந்து, பிரிட்டன், ஐரோப்பா, அமெரிக்கா. ஐந்தாவது, மற்றவை. இந்தியாவும் சீனாவும் மொத்த ஆப்பிரிக்காவும் அந்த ஐந்தாவது கட்டத்தில் கிடந்தன. எல்லாக் கட்டத்தையும் சேர்த்துச் சராசரி போட்டு ஒரே ஒரு விளக்கு எரியும். அது எப்போதும் பச்சை. அயர்லாந்துக்காரர்கள் கூட்டம் அதிகம், மற்றவையில் கூட்டம் கம்மி. அங்கே மொத்தமாகக் கெட்டுப்போனாலும் சராசரி அசையாது.

நான் எழுதிய ஏற்றுமதியில் நாடு வாரியாகப் பிரித்தேன். பிரி என்று யாரும் சொல்லவில்லை. பிரிக்காதே என்றும் சொல்லவில்லை.

3

எங்கள் வாடிக்கையாளர்களில் ஒன்று ஒரு கல்லூரி. வெளிநாட்டு மாணவர்கள் மேல்படிப்புக்கு அதன் தளத்தில் விண்ணப்பம் போடுவார்கள். அதற்குக் கடைசி நாள் அன்று, என் ஏற்றுமதியை அவர்கள் கணக்கில் ஓடவிட்டுச் சோதித்துக்கொண்டிருந்தேன். காலை டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் இந்தியாவின் கோடு சிவப்பு. இலங்கையும் வங்கதேசமும்கூட. நான்தான் ஏதோ தப்பாக எழுதிவிட்டேன் என்று முதலில் நினைத்தேன். திரும்பத் திரும்பச் சரிபார்த்தேன். தப்பு என்னுடையதில்லை.

என்ன நடந்தது என்றால், முந்தின நாள் யாரோ சிங்கப்பூர்க் கணினிகளில் ஒரு அமைப்பை மாற்றியிருக்கிறார்கள். நகல் இருக்கிற பக்கங்கள் எல்லாம் அழகாகத் திறக்கும். ஆனால் விண்ணப்பத்தின் கடைசிப் பொத்தானை அழுத்தினால் அது டப்ளினில் உள்ள கல்லூரிக் கணினிவரை வந்து சேர வேண்டும். அந்த வழி அறுந்து கிடந்தது. அழுத்துகிறவருக்குச் சுற்றிச் சுற்றிக்கொண்டே இருந்து கடைசியில் எரர் வரும். மற்றதெல்லாம் திறக்கிறதே, அப்படியானால் நம் நெட்தான் சரியில்லை என்று தோன்றும். சரிசெய்வது பெரிய காரியமும் இல்லை. சிங்கப்பூரை ஓரங்கட்டி, அந்த நாடுகளை லண்டனுக்குத் திருப்பிவிட்டால் போதும். அதற்கு அனுமதி டெக்லன் கையில்.

அவர் மேசைக்குப் போய், "எனக்கு ஒரு டவுட்" என்று ஆரம்பித்தேன். நம் ஊரில் டவுட் என்றால் சந்தேகம் கேட்பது. வகுப்பில் கை தூக்குவது மாதிரி. அந்த ஊரில் அப்படிச் சொன்னால் உன்மேல் நம்பிக்கை இல்லை என்று பொருள். அவர் முகத்திலிருந்த சிரிப்பு லேசாக ஒதுங்கியது.

"எதில் டவுட்?"

காட்டினேன். பார்த்தார். கம்பெனித் திரையைத் திறந்து, "இங்கே பச்சையாக இருக்கிறதே" என்றார்.

"அது சராசரி. இந்தியாவில் ஒருத்தர் விண்ணப்பம்கூடப் போகவில்லை."

"அந்தப் பக்கத்து லைன் எப்போதும் அப்படித்தானே ஷான்? உனக்கே தெரியும்."

"லைன் இல்லை. நம் சிங்கப்பூர். இன்றைக்கு அவர்களுக்குக் கடைசி நாள்."

நாற்காலியில் சாய்ந்தார். வாடிக்கையாளரின் போக்குவரத்தைத் திருப்பினால் கோளாறு என்று பதிவு செய்ய வேண்டும், பதிவு செய்தால் கல்லூரிக்குத் தெரிவிக்க வேண்டும், அவர்கள் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கிற வாரம் இது என்று பொறுமையாக விளக்கினார். எனக்கு மட்டும் சொல்கிற ரகசியம் மாதிரி தணிந்த குரலில் சொன்னார். பிறகு, "மதியம் பார்க்கிறேன். ஐ வில், யா" என்றார்.

அந்த ஊர் ஆங்கிலத்தில் அப்படி இழுத்துச் சொன்னால் செய்யமாட்டேன் என்று அர்த்தம். எனக்கு அப்போது தெரியாது. மதியம்வரை காத்திருந்தேன். மறுபடி போனேன், கூட்டத்தில் இருக்கிறார் என்றார்கள். மறுபடி போனேன், கையைக் காட்டிவிட்டுப் போனில் பேசிக்கொண்டிருந்தார். சாயங்காலம் ஐந்து மணிக்கு விண்ணப்பம் மூடிவிட்டது. சிவப்புக் கோடு அதன்பிறகும் கொஞ்ச நேரம் ஓடியது. மூடிய கதவைத் தெரியாமல் யார் யாரோ அங்கே தட்டிக்கொண்டிருந்தார்கள்.

4

மறுநாள் வீட்டில் என் மகள் யாழினியைத் திட்டிக்கொண்டிருந்தேன். எதற்கென்று நினைவில்லை, உள்ளே புழுங்கிக்கொண்டிருந்தது அவள்மேல் இறங்கியது. போன் அடித்தது. அவள் ஓடிப்போய் எடுத்து, டப்ளின் ராகத்தில், "மம்மி இஸ் கிவிங் அவுட்" என்றாள். அங்கே அப்படிச் சொன்னால் அம்மா திட்டிக்கொண்டிருக்கிறாள் என்று பொருள். ஆரணியிலிருந்து பேசிய என் அக்கா விஜயாவுக்கு அது எப்படிப் புரியும்?

"உங்கம்மா இன்னாத்தடி குடுக்குறா? போன அவகிட்ட குடு" என்று அக்கா கத்தியது எனக்கே கேட்டது. யாழினிக்குப் பெரியம்மாவின் தமிழ் புரியவில்லை. போனை என் கையில் வைத்துவிட்டு டிவி பக்கம் போய்விட்டாள். இரண்டு பேரும் ஒருவர் மொழியை ஒருவர் தொலைத்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. அதற்கும் எனக்குக் கோபம்தான், யார்மேல் என்று தெரியாத கோபம்.

"சுமதி, தேன்மொழி சாப்பிடாம அழுதுகினே கீறாடி" என்றாள் அக்கா.

தேன்மொழி அக்காவின் ஒரே பெண். அந்த வருஷம்தான் இன்ஜினியரிங் முடித்தாள். எங்களோடு தங்கி டப்ளினில் மேலே படிக்கட்டும் என்று பேசி வைத்திருந்தோம். அவள் விண்ணப்பத்தை எப்போதோ போட்டுவிட்டாள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் காலேஜில் சான்றிதழை இழுத்தடித்து, கடைசி நாளுக்கு முந்தின நாள்தான் கையில் கொடுத்திருக்கிறார்கள். மறுநாள் மத்தியானமே கடைத்தெருவில் இஸ்மாயில் பாயின் பிரவுசிங் சென்டரில் போய் உட்கார்ந்திருக்கிறாள். எல்லாப் பக்கமும் வந்திருக்கிறது. கடைசிப் பொத்தானை அழுத்தினால் சுற்றிக்கொண்டே இருந்திருக்கிறது. பாய் கம்ப்யூட்டரை மாற்றிக் கொடுத்தார், ஒயரைப் பிடுங்கிச் செருகினார், கடை மூடும் நேரம் தாண்டியும் உட்காரவைத்தார். ஒன்றும் நடக்கவில்லை.

நான் திரையில் பார்த்துக்கொண்டிருந்த சிவப்புக் கோட்டுக்குள் என் அக்கா பெண் உட்கார்ந்திருந்திருக்கிறாள்.

"ஏன்டி எனக்குப் போன் பண்ணல?" என்று தேன்மொழியிடம் கேட்டேன்.

"ஆபீஸ்ல இருப்பீங்க, தொந்தரவு பண்ணக்கூடாதுன்னு இருந்துட்டேன் சித்தி. இந்தா வந்துடும், இந்தா வந்துடும்னே பாத்துகினு இருந்தேன்."

கல்லூரிக்கு எழுதிக் கேட்கச் சொன்னேன். அவள் கேட்டதற்கு இரண்டு நாளில் பதில் வந்தது. மிக மரியாதையான பதில். எங்கள் சேவை நிறுவனத்தின் அறிக்கையைச் சரிபார்த்தோம், அன்று முழுவதும் தளம் தடையின்றி இயங்கியது, உங்கள் பகுதி இணைய வசதியைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள், எதிர்கால முயற்சிகளுக்கு வாழ்த்துகள்.

அந்த அறிக்கை எங்கள் கம்பெனி அனுப்பியது. அந்தப் பச்சைச் சராசரி.

அக்கா புருஷன் மூர்த்தி மாமாவுக்குப் பவர்லூம் செட்டு. தறிச் சத்தத்துக்கு நடுவிலேயே பேசிப் பேசி அவருக்கு அடித்தொண்டைக் குரல். அந்தப் பதிலைப் பெண் படித்துக் காட்டியதும், உங்கள் பகுதி இணைய வசதி என்றால் யார், பாய்தானே என்று கிளம்பிவிட்டார். நட்ட நடு ரோட்டில் நின்று, "உன் ஓட்டை நெட்டால எம்பொண்ணு வாழ்க்கை போச்சுய்யா, இனிமே எவனும் இந்தக் கடைக்குப் புள்ளைங்கள அனுப்பாதீங்க" என்று கத்தியிருக்கிறார். டீக்கடையில் நின்றவர்கள் எல்லாம் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். பாய், "நம்ம லைன் நல்லாத்தான் கீது மூர்த்தி, வேற சைட்டெல்லாம் வருதே" என்று சொல்லிப் பார்த்திருக்கிறார். யார் கேட்பது? அச்சடித்த ஆங்கிலத்தில் அல்லவா பதில் வந்திருக்கிறது.

அதைக் கேட்டபோது வந்த கோபம் இன்றைக்கும் அப்படியே இருக்கிறது.

5

அக்காவிடம் உண்மையைச் சொன்னேன். நெட் மேலும் தப்பில்லை, பாய் மேலும் தப்பில்லை, எங்கள் கம்பெனிமேல் தப்பு என்றேன்.

"அப்ப நீ அங்க இன்னா பண்ணிகினு இருந்த?" என்றாள்.

அடுத்த வாரம் டெக்லன் என்னைக் கூப்பிட்டார். என் ஏற்றுமதியை அந்தக் கல்லூரிக்கு நேரில் செய்து காட்டப் போகிறோம் என்றார். பாராட்டினார். கடைசியில், "நாடு வாரியாக எல்லாம் வேண்டாம், குழப்பும். பழையபடி மற்றவை என்று ஒரே கட்டமாக்கிவிடு. சராசரியை மட்டும் அனுப்பு" என்றார்.

"அன்றைக்கு நடந்தது அவர்களுக்குத் தெரிய வேண்டாமா?"

"எது நடந்தது?" என்று நிஜமாகவே கேட்டார். மறந்துவிட்டிருந்தார். நடிப்பு என்றால்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன்.

வீட்டில் பாஸ்கரோடு சண்டை. அவர் சேத்துப்பட்டுக்காரர், சென்னையில் நல்ல வேலையை விட்டுவிட்டு என்னோடு வந்தவர். அவர் விசாவில் அங்கே வேலை செய்ய முடியாது. என் வேலை அனுமதிச் சீட்டிலோ கம்பெனியின் பெயர் இருந்தது. அந்தக் கம்பெனியை விட்டால் அந்த நாட்டில் இருக்கக் காரணமே கிடையாது. வருஷா வருஷம் குடியேற்ற அலுவலக வாசலில் விடியற்காலையிலேயே குளிரில் போய் நின்று, டோக்கன் தீர்ந்துவிட்டது, நாளைக்கு வா என்று துரத்தப்பட்டு, மறுபடி நின்று, பாஸ்போர்ட்டில் ஒரு முத்திரை வாங்குவோம். யாழினியை ஸ்வெட்டருக்குமேல் ஸ்வெட்டராகப் போட்டு இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

"அந்த வரிசைய நெனச்சிப் பாத்துட்டுப் பேசு" என்றார் பாஸ்கர். "சொன்னா மட்டும் தேன்மொழிக்கு சீட்டு வந்துடுமா?"

"வராம போவட்டும். பாயி எதுக்கு ஊர் முன்னாடி திட்டு வாங்கணும்?"

"உனக்கு யாரு முக்கியம், பாயா, நாங்களா?"

அவர் பதிலை எதிர்பார்க்கவில்லை. பயத்தில் கேட்டார்.

6

செய்து காட்டும் நாள். கல்லூரியிலிருந்து கணினிப் பிரிவின் தலைவி ஃபியோனாவும் அவருடைய இரண்டு ஆட்களும் வந்திருந்தார்கள். ஷான் எங்கே என்று வழக்கம்போல் என்னிடமே கேட்டார்கள். அவர்கள் கண்காணிப்பு அமைப்பைப் பெரிய திரையில் திறந்தோம். நான் என் ஏற்றுமதியை இணைத்தேன்.

டெக்லன் சொன்ன மாதிரி சராசரி மட்டும் அனுப்பும் ஒரு வடிவத்தையும் எழுதிக் கையில் வைத்திருந்தேன். பொய் சொல்லமாட்டேன், எதை இணைப்பேன் என்று கடைசிவரை எனக்கே தெரியாது. அறைக்குள் டெக்லன், "உலகம் முழுவதும் உங்கள் மாணவர்களுக்கு ஒரே தரம்" என்று பேசிக்கொண்டிருந்தார். ஒரே தரம் என்ற இடத்தில் என் கை முழு வடிவத்தை இணைத்துவிட்டது. சோதனையின்போது சேமித்துவைத்த நாட்களையும் சேர்த்து.

கோடுகள் ஒவ்வொன்றாக வந்து திரையில் உட்கார்ந்தன. ஃபியோனா எழுந்து கிட்டே போனார். ஒரு நாளில் மட்டும் சிவப்பாகச் சுவர் மாதிரி நின்றது.

"இது என்ன?"

"சோதனைத் தரவு" என்றார் டெக்லன், சிரித்தபடியே.

"சோதனை இல்லை" என்றேன். "இந்தியா. உங்கள் விண்ணப்பத்தின் கடைசி நாள். எங்கள் சிங்கப்பூர்க் கணினிகள் உங்கள் கணினியோடு பேசவில்லை. அன்றைக்கு அங்கிருந்து ஒருவராலும் விண்ணப்பம் அனுப்ப முடிந்திருக்காது. காலையிலேயே எங்களுக்குத் தெரியும்."

குரல் உடைந்துவிடும் என்று பயந்தேன். உடையவில்லை. தறிச் சத்தத்துக்கு மேல் பேசுகிற ஊரில் பிறந்தவள்தானே.

ஃபியோனா என்னைப் பார்த்தார், டெக்லனைப் பார்த்தார். "எங்களுக்கு வந்த அறிக்கையில் தடையில்லை என்று இருந்ததே" என்றார். "அதை வைத்துத்தானே எல்லாருக்கும் பதில் போட்டோம்."

டெக்லன் தன் பேனாவின் மூடியைக் கழற்றி மறுபடி மாட்டினார்.

7

என்னை வேலையை விட்டு எடுத்தபோது அந்தக் கூட்டத்தைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. பிரிவை மாற்றி அமைக்கிறோம், உன் பதவி தேவைப்படவில்லை என்றார்கள். டெக்லன் கை கொடுத்து, உன்னோடு வேலை செய்தது மகிழ்ச்சி என்றார். வரவேற்பறைப் பெண் ஒரு பூங்கொத்து கொடுத்தாள். அதைப் பேருந்து நிறுத்தத்திலேயே வைத்துவிட்டு வந்தேன்.

கல்லூரி ஒரு வாரத்துக்கு விண்ணப்பத்தை மறுபடி திறந்தது. "தொழில்நுட்பக் காரணங்களால்" என்று ஒரு வரி. அதற்குக் கீழே, எங்கள் சேவை நிறுவனத்தின் புதிய கண்காணிப்பு வசதி இதைக் கண்டுபிடிக்க உதவியது, அவர்களுக்கு நன்றி என்று இன்னொரு வரி. ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது. நான் எழுதியதைக் காட்டியே பிறகு வேறு பல வாடிக்கையாளர்களையும் பிடித்தார்கள் என்று கேள்விப்பட்டேன்.

தேன்மொழி விண்ணப்பித்தாள். இடமும் கிடைத்தது. அந்த ஒரு நாள் மட்டும் எங்கள் வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது. பிறகு விசா. படிப்புச் செலவுக்குப் பொறுப்பேற்பவர் என்ற இடத்தில் என் பெயர் இருந்தது. அப்போது எனக்கு வேலை இல்லை, புது வேலை கிடைத்தால் அந்தக் கம்பெனி புதிதாக அனுமதி கேட்க வேண்டும், அதற்கு மாதக்கணக்காகும். பொறுப்பேற்பவருக்கு வருமான ஆதாரம் இல்லை என்று விசாவை மறுத்துவிட்டார்கள்.

அக்கா போனில் அழவில்லை. "ஒரு நாளைக்கு, ஒரே ஒரு நாளைக்கு வாய மூடிகினு இருந்திருக்கலாம் இல்ல" என்றாள். அதன்பிறகு என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள்.

வீட்டுச் சாமான்களில் பாதியை விற்றுவிட்டு ஊர் திரும்ப மூட்டை கட்டிய நேரத்தில் வேறொரு ஊரில், கார்க்கில், ஒரு கம்பெனி என்னை எடுத்துக்கொண்டது. யாழினி அழுதாள். டப்ளின் பள்ளித் தோழிகளை விட்டுப் போகமாட்டேன் என்று. ஆரணிக்குப் போயிருந்தால் இன்னும் அதிகம் அழுதிருப்பாள். அதை நினைத்தால் ஆறுதல் வரவில்லை.

8

மூன்று வருஷம் கழித்து, போன பொங்கலுக்கு ஆரணி போனேன். அக்கா கதவைத் திறந்து, "வா" என்று ஒரு சொல் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். தேன்மொழி செய்யாரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறாள். கம்பெனி பஸ் விட்டுப் போகாமல் அவசரமாக இட்லியை விழுங்கிக்கொண்டே பேசினாள்.

"உனக்கு என்மேல கோவம் இல்லையா?" என்று கேட்டேன்.

"இருந்துது சித்தி. உங்க வேலை போனது மேலதான். உண்மையச் சொன்னதுக்கு இல்ல." கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். "நான்தான் பாய் கடைக்குப் போயி சாரி சொல்லிட்டு வந்தேன். அப்பா போவல."

மாமா கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

அன்று மத்தியானம் என்னைத் தன் வண்டியில் கடைத்தெருவுக்கு அழைத்துப்போனார். பாயின் கடையில் கம்ப்யூட்டர்கள் இல்லை. ஒரு ஜெராக்ஸ் மெஷின், செல்போன் ரீசார்ஜ் அட்டைகள். மாமா கத்திய பிறகு பிள்ளைகள் வருவது நின்று, வாங்கிய கம்ப்யூட்டர்களை வந்த விலைக்குத் தள்ளிவிட்டாராம். மாமா வண்டியை நிறுத்தவில்லை.

"மாமா, உங்களுக்கு மூணு வருஷமாத் தெரியும். பாய்கிட்ட ஒரு வார்த்தை சொன்னீங்களா?"

"அது பழைய கதை சுமதி. இப்ப போயி இன்னாத்த சொல்றது. எதுக்கு பேஜாரு."

எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ தெரியவில்லை. "வண்டிய நிறுத்துங்க" என்றேன். "என் கம்பெனிக்காரனும் இதத்தான் சொன்னான். மறந்துட்டானாம். நீங்களும் அதே மாதிரி பேசுனா அப்புறம் நான் யார் மேல கோவப்படறது? நான் எறங்கி நடந்தே போறேன்."

தெருவில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். மாமா வண்டியை ஓரமாக நிறுத்தினார். சாவியைத் திருகி அணைத்தார். பிறகு இறங்கி, என்னைப் பார்க்காமல், பாய் கடைக்குள் போனார். நானும் பின்னால் போனேன்.

பாய் யாருக்கோ ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டிருந்தார். தாடி நரைத்திருந்தது. மாமாவைப் பார்த்ததும் வேலையை நிறுத்தவில்லை.

"பாய்" என்றார் மாமா. வழக்கமான அடித்தொண்டைக் குரல் காணோம். "அன்னிக்கு உங்க மேல தப்பு இல்ல. வெளிநாட்டுல, இவ வேல பாத்த கம்பெனில தப்பு. எனக்கு அப்பவே தெரிஞ்சிபோச்சி. நான்தான் வரல."

பாய் காகிதங்களை எண்ணி வாடிக்கையாளரிடம் கொடுத்து அனுப்பினார். மெஷினின் மூடியைச் சாத்தினார். அதன்பிறகுதான் பேசினார்.

"அத இங்க சொல்றியே மூர்த்தி. அன்னிக்கு எங்க நின்னு கத்துன?"

மாமா திரும்பி ரோட்டைப் பார்த்தார்.

"எம்புள்ளைங்க ஸ்கூல்ல இருந்து வர்ற நேரம். ரோட்ல நின்னு கத்துன. இந்த மெஷின் பக்கத்துல நின்னு சொன்னா அவங்களுக்குக் கேக்குமா?"

போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். எங்கள் குடும்பத்தில் அவர் யாரிடமும் பணிந்து பேசி நான் பார்த்ததில்லை. மாமா வேட்டியை அவிழ்த்துச் சரியாகக் கட்டிக்கொண்டு, படியிறங்கி, டீக்கடைக்கு எதிரே வெயிலில் போய் நின்றார். பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு கடந்தது. அது போகும்வரை காத்திருந்தார்.

"மூணு வருசம் முன்னாடி இங்க நின்னு பாய் கடைய அசிங்கமாப் பேசுனேன்" என்றார், தறிக்கொட்டகைக் குரலில். "கடை மேல தப்பு இல்ல. நான் பேசுனதுதான் தப்பு. எல்லாரும் கேட்டுக்குங்க."

டீக்கடையில் கிளாஸ் கழுவுகிற சத்தம் நின்றது. இரண்டொருவர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முக்கால்வாசிப் பேருக்கு எந்தக் கடை, எந்தப் பேச்சு என்றே நினைவிருக்காது. ஒருவர், "சரி சரி, வுடு மூர்த்தி" என்றார்.

மாமா நகரவில்லை. அடுத்து என்ன செய்வதென்று தெரியாத ஆள் மாதிரி கைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றார். எனக்குள் டப்ளினில் ஒரு அறை, மூடியைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்த ஒரு கை, மரியாதையான ஒரு பதில், எல்லாம் எரிந்துகொண்டிருந்தது. எத்தனை படித்த வாய்கள் அங்கே. ஒன்றாவது இப்படித் திறந்ததா?

பாய் கடை வாசலுக்கு வந்தார். அவர் முகம் இன்னும் இறுகித்தான் இருந்தது.

"வெயில்ல நிக்காத" என்றார். "உள்ள வா."